மீன் கோழியைத் தின்றது, கோழி மீனைத் தின்றது: ஒரு தீவனத்தின் கதை

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

மாதவரம் பக்கம் இருக்குற நிறைய பேர் வாட்ஸ்அப்ல அந்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க. ஒரு குட்டைக்குள்ள ட்ரம் ட்ரம்மா கோழிக் குடலைக் கொட்டுறாங்க. தண்ணி கொதிக்கிற மாதிரி மீன்கள் துள்ளுது. பின்னாடி ஒரு குரல்: "மக்களே, வளர்ப்பு மீன் சாப்பிடாதீங்க, புற்றுநோய் வரும்."

இந்த வீடியோவால என் ஓபி-யில நடந்த ஒரு விஷயம்தான் இதை எழுத வெச்சது. அதுல தப்பு என் மேல.

2/
கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள். ஏழாவது மாசம். ஹீமோகுளோபின் 8.2. கணவருக்கு மணலி பக்கம் லாரியில லோடு ஏத்துற வேலை. கூட வந்த மாமியார் கேட்டாங்க: "தம்பி, ஏரி மீனு, கட்லா எல்லாம் கோழிக் கழிவு போட்டு வளக்குறாங்களாமே, இவளுக்குக் குடுக்கலாமா?"

வரிசையில இன்னும் அறுபது பேர் நிக்கிறாங்க. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காம சொன்னேன்: "வளர்ப்பு மீன் வேணாம்மா. கடல் மீன் வாங்கிக் குடுங்க."

அடுத்த மாசம் வந்தாங்க. 7.8. "என்ன சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டேன். "நீங்க மீன் வேணாம்னீங்க சார். கடல் மீன் விக்கிற விலைக்கு எங்க சார் வாங்குறது? ரசம் சாதம்தான்."

3/
ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடறேன். மீன் நிறுத்தினதாலதான் ரத்தம் குறைஞ்சதுன்னு நான் சொல்லல. இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்கா போடல, டீயோட சேர்த்துப் போட்டிருக்காங்க. ஆனா அந்த வீட்டுல வாரத்துக்கு ரெண்டு நாள் கிடைச்சுட்டிருந்த ஒரே நல்ல புரதத்தை, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி பேசி, நான் நிறுத்தினேன்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். வளர்ப்பு மீனுக்கு உண்மையில என்ன போடுறாங்க? விலங்குக் கழிவைத் தீவனமாக்குறது எப்போ ஆரம்பிச்சது? அதனால மனுஷங்க செத்திருக்காங்களா?

கடைசிக் கேள்விக்கு பதில்: ஆமாம், செத்திருக்காங்க. ஆனா மீனால இல்ல. அந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

4/
முதல்ல நம்ம ஊர் மீன் என்ன சாப்பிட்டுச்சுன்னு பாப்போம்.

நம்ம குளத்து மீன்கள் பெரும்பாலும் எளிய சாப்பாட்டுக்காரங்க. கட்லா தண்ணியோட மேல்மட்டத்துல மிதக்குற நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுவுல மேயும். மிர்கால் அடியில கிடக்குற மக்கினதைத் தின்னும். அதனாலதான் மூணையும் ஒரே குளத்துல விடுறாங்க. மாட்டுச் சாணம் போட்டா தண்ணியில பச்சை பிடிக்கும், அதுவே பாதி சாப்பாடு. மேலுக்கு அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும்.

ஆக, மாடு கழிச்சதும், செக்குல மிஞ்சினதும், நெல் குத்தினதுல மிஞ்சினதும்தான் மீனுக்குப் போச்சு. மிச்சத்தைத் தின்னு வளர்றது மீனுக்குப் புதுசு கிடையாது.

5/
இந்திய மீன் வளர்ப்போட பெரிய திருப்பமே ஒரு கழிவுலதான் நடந்துச்சு.

கெண்டை மீன்கள் ஆத்துலதான் முட்டை போடும், குளத்துல போடாது. ஆத்துல போய் குஞ்சு அரிச்சுக்கிட்டு வரணும். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரி தலைமையில, மீன் தலையிலிருந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பியின் சாறை ஊசி மூலம் செலுத்தி, குளத்து மீனையே முட்டையிட வெச்சாங்க. அந்தச் சுரப்பி எங்க இருந்து வந்துச்சு? மீன் மார்க்கெட்ல வெட்டிப் போடுற தலைகள்ல இருந்து.

இன்னைக்கும் ஜூலை 10-தான் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

6/
சரி, மீன்தூள் எப்போ வந்துச்சு?

1907-ல மதராஸ் மாகாணத்துல மீன்வளத் துறை உருவாச்சு. அதுக்கு அடித்தளம் போட்டவர் சர் ஃப்ரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காக 1890-களில் பெரிய அறிக்கை எழுதினவரும் இவர்தான். அப்போ மலபார் கரையும் மதராஸ் மாகாணத்துலதான் இருந்துச்சு. அங்க மத்தி மீன் மலையா குவியும், விக்காதது கரையிலேயே அழுகும்.

நிக்கல்சன் சொன்ன வழி எளிது. மீனை வேகவை, பிழி, எண்ணெயைத் தனியா எடு, சக்கையைக் காயவெச்சு எருவா வித்துடு. கரை நெடுக சின்னச் சின்ன எண்ணெய்ப் பட்டறைகள் முளைச்சுச்சு. சக்கை தோட்டங்களுக்கு எருவா போச்சு.

வேகவை, பிழி, காயவை. இந்த மூணு வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதை முழுக்க வரும்.

7/
சுதந்திரத்துக்கு அப்புறம் விசைப்படகும் இழுவலையும் வந்துச்சு. இழுவலை கடலடியை வாரிக்கிட்டு வரும். இறால் கொஞ்சம், வேண்டாத பொடிசு நிறைய. ராமநாதபுரம் பக்கம் இதைச் 'சங்காயம்'னு சொல்வாங்க. நம்ம காசிமேட்டுல 'கழிசல்'. முதல்ல கடல்லயே கொட்டிட்டு வந்தாங்க. அப்புறம் அதுக்கும் ஒரு விலை வந்துச்சு.

விலை கொடுத்தது யாரு? நாமக்கல். கோழிப் பண்ணைகள் பெருகப் பெருக, காய்ஞ்ச பொடி மீன் லாரி லாரியா கோழித் தீவனத்துக்குப் போச்சு.

அதாவது கடல்ல இருந்த மீன் கோழி வயித்துக்குள்ள போச்சு. இப்போ கோழிக் குடல் மீன் வயித்துக்குள்ள போகுது. வீடியோல நீங்க பார்த்தது இந்த வட்டத்தோட பாதியை மட்டும்தான்.

8/
உலக அளவுல இந்த வட்டம் ஒரு தடவை அறுந்துச்சு. பெரு நாட்டுக் கரையில நெத்திலி வகை மீன் ஒண்ணு இருக்கு. 1970-ல அதை மட்டும் 1.2 கோடி டன்னுக்கு மேல பிடிச்சாங்க. பெரும்பகுதி மனுஷங்க சாப்பிட இல்ல, தீவனத்துக்கு மீன்தூள் ஆக்க. 1972-ல எல் நினோ வந்து கடல் சூடாச்சு. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிச்சிருந்தாங்க. 1973-ல கிடைச்சது 20 லட்சம் டன்கூட இல்ல.

மீன்தூள் விலை எகிறுச்சு. உலகத் தீவனக் கம்பெனிகள் எல்லாம் மாற்று தேட ஆரம்பிச்சாங்க. சோயாப் புண்ணாக்கு ஒரு பக்கம். இறைச்சிக் கூடத்துக் கழிவு இன்னொரு பக்கம்.

9/
நம்ம கரையில 1990-கள் இறால் பண்ணைக் காலம். 1996 டிசம்பர் 11-ல உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிரா கொடுத்த தீர்ப்பு பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வழக்குல பேசப்பட்டது உவர்நீர், நிலம், நிலத்தடி நீர். பெருசா பேசப்படாத ஒண்ணு இறாலோட சாப்பாடு.

கட்லா மாதிரி இறால் தவிட்டுல வளராது. அதன் தீவனத்துல 35-40 சதவீதம் புரதம் வேணும். அதுல பெரும்பங்கு மீன்தூள்லருந்துதான் வந்துச்சு. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய மத்தியும் காரப்பொடியும் தூளாகி, ஏற்றுமதி இறாலுக்குப் போச்சு.

கேரளத்துல 2012-ல சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைச்சது. 2016-ல 50 ஆயிரம் டன்னுக்கும் கீழ. கடல் வெப்பநிலை ஒரு காரணம். குஞ்சு மீனையும் வாரினது இன்னொரு காரணம். அந்தக் குஞ்சு மீன் பெரும்பாலும் போன இடம் மீன்தூள் ஆலை.

10/
இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

புளியந்தோப்பு ஆடுதொட்டி தெரியும்ல? மாநகராட்சியோட பெரம்பூர் இறைச்சிக் கூடம். 1903-ல கட்டினது. நூறு வருஷத்துக்கும் மேலா வடசென்னைக்குக் கறி குடுக்குது. குடல் போட்டிக்கு, தலை தலைக்கறிக்கு, காலு சூப்புக்கு, தோல் பதனிட, ரத்தம் பொரியலுக்கு. நம்ம மக்கள் ஆட்டுல எதையும் வீணாக்க மாட்டாங்க.

கோழியில அப்படி இல்ல. கடைக்காரரையே கேளுங்க. உயிர்க்கோழி ஒரு கிலோன்னா கறி 650-700 கிராம்தான். மிச்சம் இறகு, குடல், தலை, கால், ரத்தம். இன்னைக்கு இந்தியாவோட மொத்த இறைச்சி உற்பத்தியில பாதி கோழி. அப்போ மிச்சம் எவ்வளவு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அது எங்க போகுது?

11/
இதுக்கு பதில் எனக்குக் கிடைச்சது டிரெஸ்ஸிங் ரூம்ல. கைவிரல்ல கத்தி வெட்டோட ஒரு தம்பி வந்தார். கோழிக்கடையில வேலை. தையல் போட்டுக்கிட்டே கேட்டேன்.

"நீலக் கலரு ட்ரம்மு சார். நைட்டு வண்டி வரும். மீன் குட்டைக்குன்னுதான் சொல்லுவாங்க. வண்டி வரலன்னா பைபாஸ் ஓரமா போயிடும், ஏரியில கூட போட்டுடுவாங்க. எங்களுக்கு இன்னா சார், நாத்தம் போனா சரி."

அந்தத் தம்பியைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது? ட்ரம் வாங்கிக்க ஒழுங்கான ஆலை பக்கத்துல இருந்தா அங்க குடுத்துட்டுப் போறார்.

12/
ஒழுங்கான ஆலைன்னா என்ன? உலகத்துல பல நாடுகள்ல 'ரெண்டரிங்' ஆலைகள் இருக்கு. பக்கத்துல கேரளத்துலயும் கோழிக் கழிவுக்காக வந்திருக்கு.

கழிவைச் சின்னதா நறுக்கி, அடைச்ச கலன்ல நீராவி அழுத்தத்துல வேகவைப்பாங்க. ஐரோப்பாவோட கடுமையான அளவுகோல்: துண்டு 50 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, 133 டிகிரி வெப்பம், 3 பார் அழுத்தம், 20 நிமிஷம். அப்புறம் பிழிஞ்சு கொழுப்பைப் பிரிச்சு, காயவெச்சு அரைச்சா பழுப்புத் தூள்.

நிக்கல்சனோட அதே வேகவை, பிழி, காயவை. அளவும் கண்காணிப்பும்தான் கூடியிருக்கு.

13/
அந்தத் தூள்ல என்ன இருக்கு?

→ கோழிக் கழிவுத் தூள்: சுமார் 60 சதவீதம் புரதம். கிட்டத்தட்ட மீன்தூளுக்குச் சமம்.
→ ரத்தத் தூள்: 80 சதவீதத்துக்கு மேல. லைசின் நிறைய, ஐசோலூசின் ரொம்பக் குறைவு. தனியா போட்டா மீன் வளராது.
→ இறகுத் தூள்: புரதம் 80 சதவீதம். ஆனா இறகு நம்ம தலைமுடி மாதிரி கெரட்டின். அழுத்தத்துல வேகவைக்காட்டி செரிக்காது.
→ இறைச்சி-எலும்புத் தூள்: சுமார் 50 சதவீதம், கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம்.

எல்லாத்துலயும் ஒரு குறை. மீன் எண்ணெய்ல இருக்குற ஒமேகா-3 இதுங்கள்ல இல்ல. இதை மட்டும் தின்னு வளர்ற மீன்ல அந்த நல்ல கொழுப்பு குறையும். விஷம் ஆகாது, தரம் கொஞ்சம் இறங்கும். அதனாலதான் கலந்து போடுறாங்க.

14/
இவ்வளவு நல்ல விஷயம்னா ஏன் பயம்? இங்கதான் பிரிட்டன் வருது.

1986 நவம்பர். பிரிட்டன்ல சில மாடுகள் தள்ளாடி விழுந்துச்சு. மூளையை எடுத்துப் பார்த்தா ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை. பி.எஸ்.இ., நாம சொல்ற 'மாட்டுப் பித்து நோய்'. எப்படிப் பரவுச்சு? செத்த மாட்டோட இறைச்சி-எலும்புத் தூளைக் கன்னுக்குட்டித் தீவனத்துல கலந்திருக்காங்க. புல் தின்ற மாட்டை, மாட்டையே தின்ன வெச்சாங்க.

அந்த ஆலைகளோட சமையல் இந்த நோய்க் கிருமியை ஒழிக்கப் போதல. ஏன்னா அது கிருமியே கிடையாது. 'பிரியான்'னு ஒரு மடங்கிப் போன புரதம். சாதாரணமா கொதிக்க வெச்சாலும் சாகாது, சாகுறதுக்கு அதுக்கு உயிரே இல்ல. இதைக் கண்டுபிடிச்ச ஸ்டான்லி ப்ரூசினருக்கு 1997-ல நோபல் பரிசு.

15/
1988 ஜூலையில, மாடு ஆடு மாதிரி அசைபோடும் பிராணிகளுக்கு அந்த இனங்களோட தூளைப் போடக் கூடாதுன்னு தடை வந்துச்சு. ஆனா மனுஷனுக்கு ஆபத்து இல்லைன்னு அரசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 1990 மே மாசம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமரா முன்னாடி தன் நாலு வயசு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்டப் பார்த்தார். பாருங்க, பயமே வேணாம்னு.

1996 மார்ச் 20. நாடாளுமன்றத்துல சுகாதார அமைச்சர் எழுந்து, மனுஷங்களுக்கும் அந்த நோய் வந்திருக்க வாய்ப்பு அதிகம்னு ஒத்துக்கிட்டார்.

மாடுகள்ல 1.8 லட்சத்துக்கு மேல நோய். முன்னெச்சரிக்கையா கொன்னது 40 லட்சத்துக்கும் மேல. பிரிட்டன்ல மட்டும் 178 பேர் அந்த மனித வகை நோயால இறந்தாங்க. பெரும்பாலும் இளவயசு. சிகிச்சை இன்னைக்கும் இல்ல.

டாக்டரா நான் இதுல படிச்ச பாடம்: தெரியாததைத் "தெரியல"ன்னு சொல்லணும். "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதும் தப்பு, நான் ஓபி-யில சொன்ன மாதிரி "வேணாம்"னு சொல்றதும் தப்பு.

16/
இந்தக் கதையில நம்ம நாட்டுப் பேரும் அடிபட்டுச்சு.

1960-70-களில் பிரிட்டன் உரத்துக்கும் தீவனத்துக்கும் லட்சக்கணக்கான டன் எலும்பு இறக்குமதி செஞ்சுச்சு. அதுல கிட்டத்தட்ட பாதி இந்தியத் துணைக்கண்டத்துலருந்து. அந்த எலும்புத்தூளோட அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், பிரிட்டனுக்குப் போனது பதிவான விஷயம்.

2005-ல லான்செட் இதழ்ல கோல்செஸ்டர் என்ற பேர்ல இரண்டு ஆய்வாளர்கள், பித்து நோயோட மூலமே அந்த எலும்போட கலந்து போன மனித உடல் எச்சமா இருக்கலாம்னு எழுதினாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதே இதழ்ல ஆதாரம் போதாதுன்னு பதில் எழுதினாங்க. அது இன்னைக்கு வரைக்கும் நிரூபிக்கப்படாத ஊகம்தான். ஆனா ஒரு பாடம் நிக்குது. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாத கழிவு, கடல் தாண்டியும் நோயைக் கொண்டு போகும்.

17/
இதுல மீன் எங்க வருது?

1996-ல பிரிட்டன் பாலூட்டிகளோட இறைச்சி-எலும்புத் தூளை எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும், மீனுக்கும் சேர்த்துத் தடை செஞ்சுச்சு. 2001 ஜனவரியில ஐரோப்பிய ஒன்றியம் கிட்டத்தட்ட எல்லா விலங்குப் புரதத்தையும் நிறுத்துச்சு. மீன்தூளுக்கு மட்டும், அதுவும் அசைபோடாத பிராணிகளுக்கு, விலக்கு.

பன்னிரண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினாங்க. 2013 ஜூன்ல அசைபோடாத விலங்குகளோட, அதாவது கோழி, பன்றியோட தூளை வளர்ப்பு மீனுக்குத் திரும்ப அனுமதிச்சாங்க. 2017-ல பூச்சிப் புழுத் தூள். உலகத்துலயே இந்த விஷயத்துல ரொம்பச் சூடுபட்ட பூனை ஐரோப்பா. அதுவே முதல்ல திறந்து விட்ட கதவு மீனுக்கு. மீனுக்குப் பித்து நோய் வந்து, அதைத் தின்ன மனுஷனுக்கு வந்ததா இதுவரை ஒரு பதிவும் இல்ல.

18/
இந்தியாவுல? நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி இதுதான்: பால், இறைச்சிக்கு வளர்க்குற கால்நடைகளுக்கு மாடு, பன்றியோட இறைச்சி-எலும்புத் தூள், உள்ளுறுப்பு, ரத்தத் தூள் போடக் கூடாது. கோழி, பன்றி, மீனுக்கு மட்டும் விலக்கு.

புரியுதா? ஒழுங்கா பதப்படுத்தின விலங்குத் தூளை மீனுக்குப் போடுறது நம்ம சட்டத்துலயும் குத்தம் இல்ல. கூடவே, உலக விலங்கு நல அமைப்பு 2010-லயே இந்தியாவைப் பித்து நோய் அபாயம் மிகக் குறைந்த நாடுன்னு அறிவிச்சிருக்கு.

19/
இன்னொரு சம்பவத்தையும் சொல்லணும். 1999, பெல்ஜியம். தீவனத்துக்காகச் சேகரிக்கிற பழைய கொழுப்புத் தொட்டியில டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கலந்துடுச்சு. அந்தக் கொழுப்பு கோழித் தீவனத்துக்குள்ள போய், கோழியிலயும் முட்டையிலயும் டையாக்சின். விஷயம் வெளியில வர தாமதமாச்சு. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினாங்க. அந்த மாசத் தேர்தல்ல அரசே போச்சு.

பிரிட்டன், பெல்ஜியம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா மூணு விதி கிடைக்குது:

✅ ஒரு இனத்தை அதே இனத்துக்கு ஊட்டாதே.
✅ எங்க இருந்து வந்த கழிவுன்னு தெரியாம வாங்காதே.
✅ பச்சையா போடாதே. வேகவை, பிழி, காயவை.

20/
இப்போ அந்த நீல ட்ரம்மை இந்த மூணு விதியில வெச்சுப் பாருங்க. மூணாவதுலயே தோத்துடும்.

வீடியோல துள்ளுற மீன் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. காத்தையும் சுவாசிக்கும், அதனால சாக்கடை மாதிரி தண்ணியிலயும் பிழைக்கும். அழுகின இறைச்சியையும் தின்னும். மத்திய அரசு 2000-லயே இதை வளர்க்கத் தடை போட்டுடுச்சு. காரணம், தப்பிச்சு ஏரிக்குள்ள போனா நம்ம நாட்டு மீனை எல்லாம் தின்னு தீர்த்துடும். இன்னைக்கும் மாவட்ட ஆட்சியர்கள் எச்சரிக்கை விடுறாங்க, அதிகாரிகள் குட்டைகளை அழிக்கிறாங்க. திரும்பவும் முளைக்குது. ஏன்னா தீவனம் இலவசம். மீன் வளர்ப்புல பாதிக்கு மேல செலவு தீவனம்தான்.

21/
பச்சைக் கழிவால என்ன ஆகும்?

சால்மோனெல்லா, ஈ.கோலை மாதிரி கிருமிகள் குட்டைத் தண்ணியில பெருகும். அந்தத் தண்ணி மழைக்கு ஏரிக்குப் போகும். கோழிக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக்கோட மிச்சமும், அதுக்கு அடங்காத கிருமியும் சேர்ந்தே போகும்.

'கொலிஸ்டின்'னு ஒரு மருந்து. ஐசியூ-ல எதுவும் கேக்காத நோயாளிக்கு நாங்க கடைசியா எடுக்குறது. அதைக் கோழி சீக்கிரம் எடை ஏறணும்னு தீவனத்துல போட்டுக்கிட்டு இருந்தாங்க. 2019 ஜூலையிலதான் மத்திய அரசு உணவு விலங்குகளுக்கு அதைத் தடை செஞ்சுச்சு.

எனக்குப் பயம் புற்றுநோய் இல்ல. நாளைக்கு உங்க வீட்டுக் குழந்தைக்கு சாதாரண மூத்திரக் கிருமி வந்து, அதுக்கு எந்த மருந்தும் கேக்காம போறதுதான்.

22/
"அப்போ கடல் மீன்தானே சுத்தம்?"

வடசென்னைக்காரங்ககிட்ட இதைச் சொல்லத் தேவையில்ல. 2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி, கரையில எண்ணெயை வாளியில அள்ளினதை நாம பார்த்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட கொசஸ்தலை ஆத்துலயும் முகத்துவாரத்துலயும் எண்ணெய் பரவுச்சு. கழிமுகத்துல வலை போடுறவங்க மாசக்கணக்கா பொழப்பை இழந்தாங்க.

தானா வளர்ந்ததுன்னா சுத்தம், ஆளு வளர்த்ததுன்னா அழுக்குன்னு ஒரு விதி இல்ல. எந்தத் தண்ணி, என்ன தீவனம்னுதான் கேக்கணும்.

23/
நம்ம ஊர்லயே விடை இருக்குங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

மாதவரம் பால்பண்ணை ஸ்டாப்ல இறங்கினா கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட தலைமையகம். 1989-ல தொடங்கினது. 2012-ல மீன்வளத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்துச்சு, அதுக்கும் மாதவரத்துல வளாகம் இருக்கு. ராஜா அண்ணாமலைபுரத்துல 1987-லருந்து மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். மீன்தூளைக் குறைச்ச தீவனம், மார்க்கெட் மீன் கழிவுலருந்து 'பிளாங்க்டன் ப்ளஸ்'னு குளத்துக்கான ஊட்டம்னு அங்க செஞ்சு காட்டியிருக்காங்க.

கோழி பத்தித் தெரிஞ்சவங்க, மீன் பத்தித் தெரிஞ்சவங்க எல்லாரும் இங்கயே இருக்காங்க. ராத்திரி வண்டி வர்ற நீல ட்ரம்மும் இங்கதான் இருக்கு. நடுவுல இல்லாதது ஒரு கொதிகலனும், ட்ரம் எங்க போச்சுன்னு கணக்கெழுதுற ஒரு நோட்டும். அது வந்துட்டா ஏரியில கொட்டுற கழிவு தீவனமாகும். தீவனமாகுற மத்தி நம்ம வீட்டுக் குழம்புக்குத் திரும்பும்.

24/
நீங்க கேக்கப் போற கேள்விகள்:

வளர்ப்பு மீன் சாப்பிடலாமா? தாராளமா. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி எல்லாம் நல்ல புரதம்.

கர்ப்பிணிகள்? சாப்பிடணும். தவிர்க்க வேண்டியது சுறா, மயில் மீன் மாதிரி பெரிய வேட்டை மீன்கள், அதுல பாதரசம் சேரும். நெத்திலி, மத்தி மாதிரி பொடி மீன் விலையும் குறைவு, நல்லதும் கூட.

எதை வாங்க வேணாம்? எங்க வளர்ந்ததுன்னு சொல்லத் தெரியாத, அடிமாட்டு விலைக்கு விக்கிற பெரிய மீசைக் கெளுத்தி.

எப்படிச் சமைக்கணும்? நல்லா கழுவி, நல்லா வேகவெச்சு. மீன் வெட்டின பலகையில சட்னிக்குத் தக்காளி வெட்டாதீங்க.

மீன் சாப்பிட்டா இரும்பு மாத்திரை வேணாமா? வேணும். கண்டிப்பா வேணும். டீ, காபியோட போடாதீங்க.

25/
போன வாரம் அந்தப் பொண்ணு திரும்ப வந்தாங்க. மாமியாரும் வந்திருந்தாங்க. இந்த தடவை பேனாவைக் கீழ வெச்சுட்டுப் பேசினேன். "அம்மா, அன்னைக்கு நான் சரியா தெரியாம சொல்லிட்டேன். கட்லா குடுக்கலாம். தப்பு என்னோடது"ன்னு சொன்னேன்.

அந்தம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "டாக்டரே தப்புன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன் தம்பி"ன்னாங்க. அப்புறம் மருமககிட்ட, "வா, போற வழியில மார்க்கெட்ல இறங்கிட்டுப் போலாம்"ன்னாங்க.

ஹீமோகுளோபின் 8.6. இன்னும் ஏறணும். மாத்திரை ஒழுங்கா போடுறாங்க.

வீடியோவை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க தெருக் கோழிக்கடை ட்ரம் எங்க போகுதுன்னு ஒரு தடவை கேளுங்க. ஏரியில கொட்டினா மாநகராட்சிக்குப் புகார் குடுங்க. மீனைக் குத்தம் சொல்லாதீங்க, பாவம், போட்டதைத்தான் அது தின்னுது.


ஓர் அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
மாதவரம்